காலுறையைத் தேர்ந்தெடுத்தல்

பனிச்சறுக்குப் பிரயாணத்திற்கு முதன்முறையாக ஆயத்தம் செய்கிறவர்கள், மேலங்கியையும் கையுறையையும் கண்ணாடியையும் பற்றிப் பல நாள் யோசித்து, பலரிடம் அபிப்பிராயம் கேட்டு, கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவிட்டு, காலுறையை மட்டும் புறப்படும் தறுவாயில், கனமாக இருந்தால் குளிருக்கு ஆகும் என்ற ஒரே எண்ணத்துடன் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதை நான் பல முறை கண்டிருக்கிறேன். முதல் நாள் மத்தியானத்திற்குள் விரல்கள் மரத்துப்போவதற்கும், மறுநாள் காலையில் பூட்ஸை மாட்டவே அஞ்சும்படி கணைக்காலின் முன்னெலும்பு நோவதற்கும் பெரும்பாலும் அந்த எண்ணமே மூலகாரணமாகிறது. அழுத்தம் விழும் இடத்தில் மாத்திரம் மெத்தையும், மற்ற இடங்களிலெல்லாம் இயன்ற அளவு மென்மையும் உடையதே நல்ல காலுறை. அதை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டுமானால் காலுறைக் கடைக்குப் போகுமுன் பூட்ஸின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

1950-களின் இறுதிவரையில் சறுக்குவோர் அணிந்த பூட்ஸ் தோலால் ஆனது. கணுக்காலுக்குச் சற்று மேலே முடிந்துவிடும். கயிற்றால் இறுக்கிக் கட்டப்பெறும். ஒரு நாள் பனியில் நனைந்தால் நெகிழ்ந்துபோகும். அக்காலத்தவர் ஒரு மெல்லிய காலுறையும் அதன்மேல் கனத்த கம்பளிக் காலுறையுமாக இரண்டு ஜோடி அணிந்தது, அந்தத் தோலின் நெகிழ்ச்சியை ஈடுசெய்வதற்காகவே. அந்தப் பூட்ஸுக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான். அமெரிக்கரான பாப் லாங் என்பவர் பிளாஸ்டிக்கில் வார்த்த பூட்ஸை 1960-களில் சந்தைக்குக் கொண்டுவந்து, பந்தயவீரர்கள் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, சில ஆண்டுகளுக்குள் தோல் பூட்ஸ் மலைச்சரிவுகளிலிருந்து மறைந்தது. புதிய பூட்ஸின் வெளிக்கூடு வளையாத உறுதியுடையது. கெண்டைக்காலின் பாதிவரை உயர்வது. முன்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து நிற்பது. அதனுள்ளே மெத்தையிட்ட ஓர் உள்பூட்ஸ் இருக்கிறது. முன்புறத்தில் அகன்ற நாக்கு ஒன்று எலும்பை ஒட்டி நிற்கிறது. சறுக்குகிறவர் முழங்காலை மடித்துத் தம் எடையை அந்த நாக்கின்மீது சாய்ப்பதனாலேயே பலகையின் முன்பகுதி பனியைப் பற்றித் திரும்புகிறது. தோல் பூட்ஸுக்கு ஏற்ற இரட்டைக் காலுறைப் பழக்கம், பூட்ஸ் மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னரும் பெரியவர்களின் யோசனையாகக் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. அதை மரியாதையுடன் கேட்டுக்கொண்டு, கைக்கொள்ளாமல் விட்டுவிடுவதே நலம். (சமதரையில் நடந்து சறுக்குவதற்கு உரிய பூட்ஸ் தாழ்ந்தும் வளையும் தன்மையுடனும் இருப்பதால் அதற்கான காலுறையின் இலட்சணம் வேறு, இங்கே சொல்லப்படுவதெல்லாம் மலைச்சரிவில் சறுக்கி இறங்குவோருக்கே பொருந்தும்.)

கணைக்காலின் முன்னெலும்பை விரலால் தடவிப் பார்த்தால், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை என்பது உடனே தெரியும். அந்த எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் நரம்புகள் மிகுதி. ஒரு நாளில் பல நூறு திருப்பங்களில் பூட்ஸின் நாக்கு அந்த இடத்தையே அழுத்துகிறது. அழுத்தம் நிலையாகவும், அகலமாகப் பரவியும் விழுந்தால் எலும்பு அதை எளிதில் தாங்கும். விட்டு விட்டு மோதினாலோ, ஒரு மடிப்பின் விளிம்பிலோ தையலின் முனையிலோ குவிந்து விழுந்தாலோ, மாலைக்குள் அந்தச் சவ்வு கன்றிவிடும். ஆகவே முன்னெலும்பு நோவுக்குக் காரணம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பூட்ஸுக்குள் கால் ஆடுகிறதா என்பதை. பூட்ஸ் பெரிதாக இருந்தால், ஒவ்வொரு மேட்டிலும் கால் பின்னால் போய் முன்னால் வந்து நாக்கில் மோதுகிறது. பயத்தினால் பின்பக்கம் சாய்ந்தே சறுக்கும் புதியவர்களுக்கும், பூட்ஸ் சரியாக இருந்தபோதிலும், இதே மோதல் நேர்கிறது; அதற்கு மருந்து பயிற்சியும் நல்ல ஆசிரியரும்தான்.

பெரிய பூட்ஸின் இடைவெளியைக் கனத்த காலுறையால் நிரப்பிவிடலாம் என்று எண்ணுவது இயற்கையே. காலையில் மாட்டிக்கொள்ளும்போது அது கச்சிதமாக இருப்பதுபோலவும் தோன்றும். ஆனால் கம்பளி மெத்தை அழுந்தக்கூடியது. இரண்டு மணி நேரத்தில் அது வியர்வையில் ஈரமாகிப் படிந்துவிட, இடைவெளி திரும்பவும் தோன்றுகிறது. சறுக்குகிறவர் பூட்ஸைப் பூட்டும் பக்கிளை ஒரு பல் கூடுதலாக இறுக்குகிறார். அந்த இறுக்கம் முன்னெலும்பைக் காப்பாற்றாமல் புறவடியின் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. இதனால்தான் காலுறையை வாங்குமுன் பூட்ஸின் அளவைச் சோதித்துவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். உள்பூட்ஸை வெளியே எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் காலை நுழைத்து, விரல் நுனி முன்சுவரைத் தொடும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு விரலுக்கு மேற்பட்டு இரண்டு விரலுக்கு உட்பட்ட அளவு, இருப்பது சரி. அதற்கு மிகுந்த இடைவெளியை எந்தக் காலுறையாலும் சீர்செய்ய இயலாது. பூட்ஸின் அளவு மாண்டோபாயிண்ட் என்ற முறையில், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது வழக்கம். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பாதத்தை அளந்து அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், வாடகைக் கடைக்காரர் நமது சாதாரணச் செருப்பளவைக் கேட்டு ஊகமாக ஒன்றை எடுத்துக் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

இனி உஷ்ணத்தின் விஷயம். காலுறை தானாக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. காலுக்கு உஷ்ணத்தைக் கொண்டுவருவது ரத்தம், அதை வெளியே போகாமல் தடுப்பது காலுறையின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. குளிரில் தேகம் முதலில் இருதயத்தையும் மூளையையும் காக்க முனைவதால், விரல்களுக்குச் செல்லும் சிறு ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்குகின்றன. அந்த நிலையில், கனத்த காலுறையைத் திணித்துப் பூட்ஸை இறுக்கினால், பாதத்தின் மேற்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் தமனியும் நாளங்களும் அழுந்தி, வந்துகொண்டிருந்த சிறிதளவு ரத்தமும் குறைகிறது. நசுங்கிய கம்பளிக்குள் காற்று தங்குவதற்கும் இடமில்லை. ஆக, கனத்தைக் கூட்டியவர் உஷ்ணத்தின் இரண்டு வழிகளையும் தாமே அடைத்துக்கொள்கிறார். மெல்லிய காலுறையுடன் விரல்களைத் தாராளமாக அசைக்க முடிகிறவருடைய கால் உஷ்ணமாக இருக்க, பக்கத்திலே கனத்த காலுறை அணிந்தவர் விரல் மரத்து நிற்பதன் காரணம் இதுவே. மார்பும் வயிறும் தலையும் போதிய உடையின்றிக் குளிர்ந்திருந்தால், எவ்வளவு உயர்ந்த காலுறையும் காலை உஷ்ணமாக வைத்திராது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும்.

குளிருக்குத் துணையாக வருவது ஈரம். நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்துகிறது. உள்ளங்காலிலோ வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. பிளாஸ்டிக் கூட்டிலிருந்து வியர்வை வெளியேற வழி மிகவும் குறைவு. ஆகையால் பருத்திக் காலுறையைச் சறுக்குவதற்கு ஒருபோதும் அணியலாகாது. நமது சீதோஷ்ணத்தில் அதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்கிறது, எளிதில் உலர்வதுமில்லை, நனைந்தால் காற்றைப் பிடித்துவைக்கும் திறனையும் இழந்துவிடுகிறது. நனைந்த பருத்தியில் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பு நாக்கின் கீழ் அகப்பட்டால் முன்னெலும்பும் பாழ்.

கம்பளியின் விசேஷம் வேறு. அது தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டு, தொட்டால் ஈரம் தெரியாதபடி இருக்கக்கூடியது; அப்படி வாங்கும்போது சிறிதளவு உஷ்ணத்தை வெளியிடவும் செய்கிறது. அதன் இழைகள் இயற்கையிலேயே சுருண்டிருப்பதால், அழுந்தினாலும் ஓரளவு மீண்டெழுகின்றன. பழைய முரட்டுக் கம்பளி தோலை அரிக்கும்; மெரினோ ஆட்டின் மென்கம்பளி அரிப்பதில்லை. காரணம், இழையின் பருமன்: நல்ல காலுறைகளுக்குப் பயன்படும் மெரினோ இழை 20 மைக்ரான் அளவிலோ அதற்குச் சற்றுக் குறைந்தோ இருப்பதால், தோலில் பட்டதும் குத்தாமல் வளைந்துகொடுக்கிறது. 1994-இல் பனிச்சறுக்கு ஆசிரியர்களான பீட்டர் டியூக், பாட்டி டியூக் என்ற தம்பதியர் அமெரிக்காவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஸ்மார்ட்வுல் நிறுவனத்தைத் தொடங்கி மெரினோக் காலுறைகளை விற்கத் தலைப்பட்டனர். கம்பளி என்றால் அரிப்பு என்று அஞ்சி விலகியிருந்த சறுக்குவோர் பலர் அதன்பின் கம்பளிக்குத் திரும்பினார்கள். இன்று அநேகமாக எல்லாத் தயாரிப்பாளர்களிடமும் மெரினோக் காலுறை கிடைக்கிறது.

ஆயினும் முழுக்க முழுக்க மெரினோவால் ஆனதைத் தேட வேண்டுவதில்லை. தூய மெரினோ குதிகாலில் விரைவில் நைந்து ஓட்டை விழும், உருவமும் தளரும். உறுதிக்கு நைலானும், காலைப் பற்றி நிற்பதற்கு எலாஸ்டேன் என்ற மீள்நாரும் அதில் கலந்திருக்க வேண்டும். கம்பளி பாதிக்குக் குறையாமலும், நைலான் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியும், எலாஸ்டேன் சில சதவிகிதமும் கொண்ட கலவையே என் அனுபவத்தில் சிறந்தது. கம்பளி எவ்விதத்திலும் ஒவ்வாத தோலுடையவர்கள் பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் முதலிய செயற்கை இழைகளை அணியலாம். அவை ஈரத்தை வேகமாக வெளியே தள்ளுகின்றன, விரைவில் உலர்கின்றன, ஆனால் ஒரே நாளில் நாற்றம் பிடித்துவிடும். பட்டு மென்மையானதுதான், அதற்குக் கொடுக்கும் விலைக்குத் தக்க பயன் பூட்ஸுக்குள் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மெத்தை எவ்வாறு அமைகிறது என்பதைக் காலுறையை உட்புறம் வெளியே திருப்பிப் பார்த்தால் அறியலாம். மெத்தையுள்ள இடங்களில், டர்க்கி டவலின் மேற்பரப்பைப் போலச் சிறு சிறு நூல்வளையங்கள் நெருக்கமாக எழுந்து நிற்கும். மற்ற இடங்களில் பின்னல் வழவழப்பாகத் தட்டையாக இருக்கும். அந்த வளையங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைக் கவனிப்பதே பரீட்சையின் முக்கிய பாகம். முன்னெலும்பின்மீது வரும் மெத்தை, கணுக்காலுக்குச் சற்று மேலே தொடங்கி, பூட்ஸின் மேல்விளிம்பைக் கடந்து முடிய வேண்டும். விளிம்புக்குக் கீழே முடிந்தால், மெத்தையின் முனையே ஒரு புதிய வரம்பாகி எலும்பில் பதியும். அகலத்தில் எலும்பின் இரு பக்கங்களிலும் இரண்டு விரல் அளவேனும் பரவியிருக்க வேண்டும். ஏனெனில் காலுறை நாளடைவில் சிறிது திரும்புவது இயல்பு, குறுகிய மெத்தை அப்போது எலும்பைவிட்டு விலகிப்போகும். மெத்தையின் ஓரம் திடீரென்று வெட்டியதுபோல் முடியாமல், படிப்படியாக மெலிவது நலம். விரலைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படும் வரம்பு பூட்ஸுக்குள் பன்மடங்கு தட்டுப்படும். வரிவரியாக மேடும் பள்ளமுமாகப் பின்னி, காற்றோட்டத்திற்கென்று சொல்லப்படும் அலங்காரங்களை முன்னெலும்பின்மேல் வைத்திருக்கும் காலுறைகள் கண்ணுக்கு அழகாயிருக்கும். அவற்றை நான் சிபாரிசு செய்வதில்லை.

முன்னெலும்பைத் தவிர, குதிகாலிலும் விரல்களின் அடியிலும் சிறிது மெத்தை இருக்கலாம். புறவடியில் மெத்தை கூடாது. அங்கேதான் பக்கிள் இறுகுகிறது, அங்கேதான் ரத்தக்குழாய் ஓடுகிறது. கெண்டைக்கால் பக்கமும் மெல்லியதாக இருக்கட்டும், கெண்டைத்தசை பருத்தவர்களுக்கு இது மிகவும் அவசியம். விரல் நுனியில் இரு பக்கங்களும் சேரும் தையல் தட்டையாக இருக்க வேண்டும். வலது, இடது என்று தனித்தனியே வடிவமைத்து எழுத்துக் குறியிட்ட காலுறைகளை ஜெர்மனியின் ஃபால்க்கே போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. விலை கூடுதலானாலும் விரல்களிடத்தில் மிச்சத்துணி மடங்காததால் அந்தக் கூடுதலுக்குப் பிரயோஜனம் உண்டு.

மெத்தையின் அளவை மிக மெல்லியது, மெல்லியது, நடுத்தரம், கனத்தது எனக் கடைகளில் வகைப்படுத்தி வைத்திருப்பார்கள். எவருக்கு எது என்பதை நிர்ணயிப்பது ஊரின் குளிரைவிட அவருடைய பூட்ஸின் நிலைதான். தம் காலுக்கென்று அளவெடுத்து, உள்பூட்ஸைச் சூடாக்கி வார்த்துப் பொருத்திக்கொண்டவர், மிக மெல்லியதையோ, முன்னெலும்பில் மாத்திரம் இலேசான மெத்தையுள்ள மெல்லியதையோ வாங்க வேண்டும். அந்தப் பூட்ஸே காலின் உருவத்தை அறிந்திருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோர் குல்மார்க்கிலோ ஔலியிலோ, ஐரோப்பியப் பிரயாணத்தின் நடுவே ஆல்ப்ஸ் மலையிலோ சில நாள் வாடகைப் பூட்ஸில் சறுக்கிப் பழகுகிறவர்கள். வாடகைப் பூட்ஸ் பல கால்கள் நுழைந்து புறப்பட்டது. அதன் உள்மெத்தை தட்டையாகிவிட்டிருக்கும். நாக்கின் மையத்தில் மெத்தை அநேகமாகச் செத்துப்போயிருக்கும். அத்தகைய பூட்ஸுக்கு நடுத்தர மெத்தையுடைய காலுறை ஏற்றது; நாக்கு இழந்த மிருதுத் தன்மையை அது ஓரளவு திருப்பித் தருகிறது. கனத்தது என்ற நான்காம் வகையை, பூட்ஸ் சரியான அளவில் இருக்கும்போது எவருக்கும் நான் சொல்வதில்லை. ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலிருக்கும் குல்மார்க்கிலிருந்து கம்பிவட வண்டியில் ஏறி, 4,000 மீட்டரை நெருங்கும் உயரத்தில் அபர்வத் சிகரத்துப் பக்கம் இறங்குவோருக்கும் இதுவே விதி. அங்கே குளிர் கடுமைதான், ஆனால் அதற்குப் பரிகாரம் மேலுடையிலும், இடையிடையே கீழே வந்து உலர்ந்த காலுறை மாற்றுவதிலும் இருக்கிறது.

அளவில் தவறினால் மேற்சொன்ன யாவும் வீண். பெரிய காலுறையில் மிச்சத்துணி கணுக்கால் முன்மடிப்பில் சேர்ந்து சுருங்குகிறது. சிறியது விரல்களை உள்நோக்கி வளைத்து இழுக்கிறது. இரண்டு அளவுகளின் எல்லையில் பாதம் உள்ளவர் சிறியதையே எடுப்பது நல்லது, ஏனெனில் பின்னல் நீளக்கூடியது. கடையில் அணிந்து பார்க்கும்போது குதிகாலுக்கென்று பின்னிய குழிவு குதிகாலிலேயே உட்காருகிறதா, முழங்காலைப் பத்துத் தடவை மடித்து நிமிர்ந்த பின்னும் முன்பக்கம் மடிப்பின்றி இருக்கிறதா, மேல்விளிம்பின் எலாஸ்டிக் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறுக்காமல் பற்றி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றிய பின் அங்கே ஆழ்ந்த வளையத் தழும்பு தெரிந்தால் அது வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கும் நம் வழக்கத்தைச் சட்டையோடு நிறுத்திக்கொள்வோம். காலுறையில் மடிப்பு விழுந்தால் குழந்தை அதைச் சொல்லத் தெரியாமல், சறுக்குவதையே வெறுத்துவிடுகிறது. நீரிழிவோ ரத்த ஓட்டக் குறைவோ உடையவர்கள், இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறைகளை மருத்துவரின் யோசனையின்றி வாங்கலாகாது.

அணியும் முறையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: பூட்ஸுக்குள் காலுறை ஒன்றைத் தவிர வேறு எதுவும் போகக்கூடாது. உட்காற்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகுவது நம்மிடையே சாதாரணம். அந்தத் தையல் வரம்பு நேராக முன்னெலும்பில் உட்காரும். பூட்ஸின் விளிம்புக்கு மேலேயே முடியும் முக்கால் காற்சட்டையே உகந்தது. நீளமானதுதான் இருக்கிறதென்றால் முழங்கால் வரை சுருட்டி, காலுறையின் மேல்விளிம்புக்கு மேலே நிறுத்திவிட வேண்டும். விடுதியிலிருந்து வரும்போதே சறுக்குக் காலுறையை அணிந்து வருவதும் தவறு. வண்டியின் உஷ்ணத்தில் வியர்த்து, பனியைத் தொடுமுன்பே அது ஈரமாகிவிடும். பூட்ஸ் மாட்டும் இடத்தில் உலர்ந்த ஜோடியை எடுத்து அணிந்து, மேல்நோக்கி இழுத்து மடிப்பு நீக்கி, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் ஓங்கித் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலை மடித்த நிலையில் மேல் பக்கிள்களை முதலில் மாட்ட வேண்டும். அது குதிகாலைத் தன் குழியில் நிலைநிறுத்துகிறது. புறவடியின்மேல் வரும் கீழ்ப் பக்கிள்களைத் தொட்டும் தொடாததுமாக மூடினால் போதும். மேலே ஏறும் நாற்காலி வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரங்களில் விரல்களை அசைத்துக்கொண்டிருப்பதும், சிற்றுண்டிக்கு நிற்கும்போது பக்கிள்களைத் தளர்த்துவதும் கனத்த காலுறையைவிட அதிக உஷ்ணம் தரும்.

கையுறைக்குள் வைக்கும் உஷ்ணப் பொட்டலங்களைக் காலுக்கும் வைக்கலாமா என்று கேட்பவர் உண்டு. அவற்றிலுள்ள இரும்புத்தூள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி உஷ்ணம் தருகிறது. இறுகிய பூட்ஸுக்குள் காற்றும் குறைவு, இடமும் குறைவு, ஆகையால் அவை பெரும்பாலும் ஒரு கட்டியாக உறுத்துவதோடு சரி. மின்கலத்தால் சூடாகும் காலுறைகள், ரத்த ஓட்டம் இயல்பாகவே மந்தமாயிருப்பவர்களுக்கு உண்மையில் உதவுகின்றன. மின்கலப் பெட்டி பூட்ஸின் விளிம்புக்கு மேலே நிற்கும்படி அமைந்ததைத்தான் வாங்க வேண்டும்.

ஒரு வாரப் பிரயாணத்திற்கு மூன்று ஜோடி போதும். ஒன்று காலில், ஒன்று பையில், ஒன்று உலரும் கொடியில். உட்புறம் வெளியே திருப்பி, 30 டிகிரிக்கு மிகாத நீரில் அலசி, நிழலில் காயவிட வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவங்கள் இழையின்மேல் படிந்து அதன் உறிஞ்சும் திறனைக் கெடுக்கின்றன. அடுப்பு, சூட்டுக்கருவி இவற்றின்மேல் போட்டு உலர்த்தினால் எலாஸ்டேன் தளர்ந்துபோகிறது. சில பருவங்கள் கழித்து, வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் குதிகால் சல்லடையாகத் தெரிவதும், முன்னெலும்பின் மெத்தையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் வளையங்கள் எழும்பாமல் தடித்த அட்டையாகக் கிடப்பதும் அதன் ஆயுள் முடிந்ததற்கு அடையாளம். அந்த ஜோடியை வீட்டு உபயோகத்திற்கு ஒதுக்கிவிட்டு, அதே வகையில் புதியது வாங்கினாலும்கூட, முதல் நாள் பக்கிள்களைப் பழைய பல்லில் மாட்டாமல் ஒரு பல் தளர்த்தியே மாட்ட வேண்டும். புதிய மெத்தை உயரம் கூடியதாகையால், பழைய பல்லில் புறவடி இறுகி, உள்ளே வரும் ரத்தம் குறைந்துவிடும்.